அப்பா சாப்பிடும் மூலிகை கேப்சூல்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர், விட்டுப் பத்து வருடம் ஆகிறது. சித்தப்பா புற்றுநோயில் இறந்த பிறகு, 'புற்றுநோயைத் தடுக்கும்' என்று சொல்லி விற்கிற மூலிகை கேப்சூல்கள் நான்கு விதம் சாப்பிடுகிறார். இதயத்துக்கான மாத்திரைகளும் உண்டு. டாக்டரிடம் சொல்லவில்லை. "இலையும் வேரும்தானே, என்ன செய்துவிடும்?" என்கிறார். நான் பயப்படுவது சரியா?

பதில்: சரிதான். இன்றைக்கே அந்த நான்கு டப்பாக்களையும் எடுத்துப் பின்பக்கம் படியுங்கள். முதலில் தேட வேண்டிய பெயர் பீட்டா கரோட்டின். மூலிகைக் கலவை என்று விற்பதில்கூட இதைச் சேர்ப்பதுண்டு. காரட்டில் இருப்பதும் இதுதான். காரட் சாப்பிடுவதில் பயமில்லை, கேப்சூலில் அடைத்த அளவுதான் பிரச்சினை. பின்லாந்தில் சிகரெட் பிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோரும் 50 முதல் 69 வயதுக்காரர்கள். புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பித்தான் தினமும் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக இருந்தது. சிகரெட்டை விட்டவருக்கு இது பொருந்தாது என்று அப்பா சொல்லலாம். பொருந்தும். 2013-இல் வெளியான ஒரு கண் நோய் ஆய்விலும் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகரெட்டை முன்பே விட்டவர்கள். ஆகவே அந்தப் பெயர் இருந்தால் டப்பாவை மூடி வைத்துவிடுங்கள்.

அப்புறம், இலையும் வேரும் என்ன செய்யும் என்பது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைப்பதற்காகப் பெண்களுக்கு மூலிகை மாத்திரை கொடுத்தார்கள். சேர்க்க வேண்டிய வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா என்ற செடியின் வேர் அதில் கலந்துவிட்டது. நூறு பேருக்கு மேல் சிறுநீரகம் கெட்டது. முற்றிலும் செயலிழந்த சிறுநீரகங்களையும் சிறுநீர்க் குழாய்களையும் 39 பேருக்கு எடுத்துச் சோதித்ததில் 18 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. சாப்பிட்டவர்களுக்கு உள்ளே என்ன இருந்தது என்றே தெரியாது. இதுதான் என்னை உறுத்துகிறது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது.

மஞ்சள் சத்து, கிரீன் டீ சத்து என்று இருந்தால் கல்லீரலைக் கவனிக்க வேண்டும். இரண்டாலும் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அப்பா மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் ஜிங்கோ என்ற மரத்தின் இலைச் சத்து வேண்டாம், ரத்தக்கசிவு வரலாம். வயதானவர்களுக்கு மருந்தை வெளியேற்றும் வேகம் குறைந்துவிடும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். இதய மாத்திரைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம்.

அப்பாவைத் திட்டாதீர்கள். தம்பியைப் பறிகொடுத்த மனிதர், தனக்கும் வந்துவிடுமோ என்று பயந்து போயிருக்கிறார். அந்தப் பயத்தை டாக்டர் முன்னால் வைக்க வேண்டும். டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, இதய மாத்திரைச் சீட்டோடு கூட்டிப் போங்கள். முப்பது வருடம் புகைத்ததையும் எப்போது விட்டார் என்பதையும் சொல்லி, குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் நுரையீரல் சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். அதிகம் புகைத்தவர்களுக்கு நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க அது உதவும். சளியிலோ சிறுநீரிலோ ரத்தம் வந்தாலும், காரணமில்லாமல் எடை குறைந்தாலும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காதீர்கள், அன்றே காட்டுங்கள்.