கால் பன்னியும் கல்யாணப் பதிவும்

கேள்வி: எட்டாம் வகுப்பு முதல் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) வரை ஐந்து வருஷம் என் கால் பன்னியைப் பிடுங்கித் தின்றவன், பள்ளிக் கோட்டான பிளேசரைக் கிழித்தவன், பதினாறு வருஷம் கழித்து வந்து மன்னிப்புக் கேட்டான். பழகினோம். இப்போது காதலிக்கிறோம். டிசம்பரில் ஹோம் அஃபேர்ஸ் (உள்துறை) அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறான். எனக்கு வரப்போகிறவர் ஆண்தான் என்பதை அம்மா எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார். "அந்தப் பையனா?" என்றுதான் கேட்கிறார். அவனை நம்பலாமா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: தம்பி, முதலில் அந்தக் கால் பன்னியைப் பேசிவிடுவோம். இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் பதற வேண்டாம், பன்றிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்லைஸ் போடாத வெள்ளை பிரெட்டில் கால் லோஃபைக் குடைந்து, உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தருவதுதான் டர்பன் பன்னி. 1940-களிலேயே கிரே தெரு வட்டாரத்து இந்தியக் கடைகளில் விற்றது. வெள்ளையர் அல்லாதவர் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட முடியாத நாட்டில், தட்டும் கரண்டியும் இல்லாமல் கையில் வாங்கிப் போன சாப்பாடு. அதை ஒரு பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குவது சின்ன விஷயமே இல்லை.

பிடுங்குகிறவன் முதலில் எடுப்பது மூடியை. குடையும்போது வெளியே வருகிற மெத்தென்ற நடுப்பகுதிதான் மூடி. குழம்பு ஊறி மேலே உட்கார்ந்திருக்கும். அது போய்விட்டால் மிச்சத்தை ஒழுங்காகச் சாப்பிட முடியாது. மூடியைப் பிய்த்துத் தொட்டுத் தொட்டுக் குழம்பைக் கொஞ்சம் இறக்கிய பிறகுதான் சுவரை மேலிருந்து கீழாகப் பிய்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் சுவரில் கை வைத்தால் பக்கவாட்டில் உடைந்து குழம்பு மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் ஓடும். வெள்ளைப் பள்ளிச் சட்டையில் மசாலா எண்ணெய் ஏறினால் லேசில் போகாது. சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறி இன்னும் பளிச்சென்று தெரியும். தின்றவன் சுத்தமாக வகுப்புக்குப் போவான், திட்டு கறைபட்ட பிள்ளைக்கு. அந்தச் சட்டையைத் துவைத்தவர் உங்கள் அம்மா. அவர் ஏன் "அந்தப் பையனா?" என்று கேட்கிறார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் முதல் காரியம், அவன் தன் கையால் ஒரு பன்னி செய்து உங்களுக்குத் தரட்டும். கடையில் வாங்கி வந்தால் கணக்கில் சேராது. நாலு கால் பன்னிக்கு எலும்போடு ஒரு கிலோ ஆட்டுக்கறி, இரண்டு வெங்காயம், இரண்டு தக்காளி, நாலு நடுத்தர உருளைக்கிழங்கு, மூன்று மேசைக்கரண்டி மசாலா. எண்ணெயில் பட்டை, சோம்பு, பிரிஞ்சி இலை, கறிவேப்பிலை தாளித்து வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கட்டும். இஞ்சி பூண்டு விழுது போட்ட பிறகு தீயைக் குறைத்துத்தான் மசாலாவைக் கொட்ட வேண்டும். கருகினால் அந்தக் கசப்பைத் தக்காளியால் மறைக்க முடியாது. கறி ஒரு மணி நேரம் வேகட்டும், உருளைக்கிழங்கு கடைசி அரைமணியில்தான். முதலிலேயே போட்டால் கரைந்து காணாமல் போகும். இறக்குவதற்கு முன் இரண்டு துண்டுகளைக் கரண்டியால் மசித்துவிட்டால் குழம்பு கெட்டிப்படும். தண்ணியாக இருந்தால் பிரெட்டின் அடி கையிலேயே விட்டுவிடும். அப்போதுதான் சுட்ட சூடான லோஃப் வேண்டாம், குடையும்போதே நசுங்கும். ஒரு லோஃபை நாலாக வெட்டினால் இரண்டு முனைத் துண்டுகளுக்குத்தான் அடியில் கெட்டித் தோல் இருக்கும். நடுத்துண்டுகளில் இரண்டு விரல் கனம் அடியில் விட்டுக் குடைய வேண்டும். முனைத் துண்டை அவன் யாருக்கு வைக்கிறான் என்று பாருங்கள்.

துருவிய கேரட் சாலடான சம்பல் பக்கத்தில்தான், உள்ளே அல்ல. கேரட் விடுகிற தண்ணீர் குழம்பைக் கெடுக்கும். ஜோகன்னஸ்பர்க் இருக்கிற ஹௌட்டெங் மாகாணத்து வாசகர்களோடு இந்தப் பக்கத்துக்குப் பழைய சண்டை ஒன்று உண்டு. கால் லோஃபில் சிப்ஸ், பொலோனி (ஒரு வகை இறைச்சி சாசேஜ்), அச்சார் அடைத்த கோட்டாவையும் பன்னி என்கிறார்கள். கோட்டா நல்ல சாப்பாடு, பசிக்கு உதவும், ஆனால் பன்னி அல்ல. குழம்பு ஊறாத எதுவும் பன்னி அல்ல. அவர்கள் எத்தனை கடிதம் போட்டாலும் இதில் நான் இறங்கி வரப்போவதில்லை.

இப்போது அவன் கேட்ட மன்னிப்புக்கு வருவோம். நம் பள்ளிகளில் ஒரு பழக்கம் இருக்கிறது, எத்தனை முறை எழுதினாலும் என் ஆத்திரம் தீராது. அடித்தவனையும் அடிபட்டவனையும் பிரின்சிபல் அறையில் நிற்க வைத்து, "கை கொடுங்கடா, முடிஞ்சு போச்சு" என்று அனுப்பிவிடுவது. 1996-இன் பள்ளிகள் சட்டம் பிரம்பைத் தடை செய்தது, மிக நல்லது. அதே சட்டம் ஒவ்வொரு பள்ளியும் நடத்தை விதிகளை எழுதி வைக்கவும் சொல்கிறது. எழுதி மாட்டிய விதிகளுக்குக் கீழேயே இந்தக் கைகுலுக்கல் நடக்கிறது. அடித்தவன் அதில் கற்றுக்கொள்வது, மன்னிப்பு ஒரு நிமிஷ வேலை என்று. அடிபட்டவன் கற்றுக்கொள்வது, தன் வலியைவிட அறையில் இருக்கிற மற்றவர்களின் நிம்மதி முக்கியம் என்று. இருவரும் அதை முப்பது வயசு வரை சுமந்து வருகிறார்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் நடந்தது இன்னொரு கைகுலுக்கலா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அவன் செய்ததை அவன் வாயாலேயே, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லுங்கள். பிளேசர், பன்னி, வைத்த பட்டப்பெயர், யார் யார் சிரித்தார்கள். "அப்ப சின்னப் பசங்கதானே", "எங்க வீட்டு நிலைமை அப்படி" என்று ஆரம்பித்தால் நிறுத்துங்கள். வீட்டு நிலைமை உண்மையாக இருக்கலாம், அதைப் பிறகு பேசலாம். சொல்லி முடித்ததும் அவன் அழுது, நீங்கள் அவனைத் தேற்றும்படி ஆகிவிட்டால் அன்றைய மன்னிப்பு எண்ணிக்கையில் இல்லை. நண்பர்கள் நடுவில் அந்தக் கதைகளை வேடிக்கையாக எடுத்துவிடுகிறானா என்றும் கவனியுங்கள். எடுத்துவிட்டால் எனக்கு வேறு சாட்சி தேவையில்லை.

பிறகு, சின்னச் சின்ன விஷயங்களில் "முடியாது" சொல்லிப் பாருங்கள். இந்த ஞாயிறு உன் வீட்டுக்கு வர முடியாது, இந்தப் படம் வேண்டாம், என் போனின் பாஸ்வேர்டு என்னிடமே இருக்கட்டும். முகம் தொங்கினால் பரவாயில்லை, யாருக்கும் தொங்கும். பேச்சை நிறுத்தி, நாள் கணக்கில் உங்களைக் கெஞ்ச வைத்தால் அது பழைய பிடுங்கலேதான். பணத்தை அடக்கி வைப்பதும், போகிற வருகிற இடத்தைக் கட்டுப்படுத்துவதும் இந்த நாட்டுச் சட்டப்படி குடும்ப வன்முறைதான். 1998-இன் சட்டம் கல்யாணம் ஆகாத காதலர்களுக்கும், ஆணும் ஆணுமாக வாழ்பவர்களுக்கும் பொருந்தும். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். தேவைப்படாது என்றே நம்புகிறேன், தெரிந்து வைத்திருங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. அவன் குரல் உயர்ந்தால் உங்கள் உடம்பு பதினாலு வயசுக்குத் திரும்பிப் போகும். அது கோழைத்தனம் இல்லை, உடம்பின் ஞாபகம். சண்டை நடுவில் நீங்கள் கையைத் தூக்கினால் இருபது நிமிஷம் பேச்சு நிற்க வேண்டும் என்று இப்போதே பேசி வையுங்கள். அதே சமயம், பாத்திரம் கழுவுகிற சண்டையில் பிளேசரை இழுக்காதீர்கள். பிளேசரைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதற்காகவே உட்காருங்கள். தாராளமாகக் கோபப்படுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

அம்மாவிடம் நீங்கள் தூது போக வேண்டாம். அவன் தனியாகப் போய், "உங்க மகனை இப்படியெல்லாம் செய்தது நான்தான்" என்று அவரிடம் சொல்லட்டும். அவர் உடனே "சரிப்பா" என்று சொல்வார் என்று எதிர்பார்த்துப் போகக் கூடாது. மாரியம்மன் கூழ் பிரார்த்தனைக்கு அவனை வா என்று அம்மா எந்த வருஷம் கூப்பிடுகிறாரோ, அந்த வருஷம் வரை அவன் காத்திருக்கட்டும்.

இவ்வளவும் தேறினால், மனசு நிறைந்து பதிவு செய்துகொள்ளுங்கள். ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடாக 2006 நவம்பர் 30 முதல் ஆணும் ஆணும் கல்யாணம் செய்துகொள்ளும் உரிமையை இந்த நாடு கொடுத்திருக்கிறது. மனச்சாட்சி என்று சொல்லி அரசுப் பதிவாளர் மறுக்க இடம் கொடுத்த பிரிவையும் 2020-இல் நீக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று விடாமல் கவனிக்க வேண்டியது சொத்து. ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் பதிவு செய்தால் இருவர் சொத்தும் ஒன்று, கடனும் ஒன்று. அவன் கார் கடன் உங்கள் தலையிலும் ஏறும். தனித்தனியாக வைக்க வேண்டுமானால் பதிவுக்கு முன்பே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு, மூன்று மாதத்துக்குள் பத்திர அலுவலகத்தில் பதிய வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு மாற்ற நினைத்தால் ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும். டிசம்பர் நடுவில் பல அலுவலகங்கள் விடுமுறைக்கு மூடிவிடும், நோட்டரியை அக்டோபரிலேயே பாருங்கள்.