பிடிக்காட்டி நிண்டுகொள் எண்டு வேலை செய்யிற பிள்ளையிட்ட சொல்லலாமோ?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில உடுப்புக்கடை வச்சிருக்கிற ஒரு அண்ணை கேட்டிருக்கிறார்: கடையில ஒம்பது பேர், நல்லூர்த் திருவிழா நேரம் இரவுவரைக்கும் நிண்டதுக்குக் காசு காணாதெண்டு எல்லாரும் முணுமுணுக்கினம், கோவத்தில ஒரு பிள்ளைக்கு "பிடிக்காட்டி நாளையோட நிண்டுகொள்" எண்டு சொல்லிப்போட்டன், அவ ரெண்டு நாளா வரேல்லை, இனி நான் என்ன சொல்லலாம்?

அண்ணை, முதல் அந்தப் பிள்ளையின்ர விஷயம், அதுதான் அவசரம். நீங்கள் கோவத்தில சொன்னதெண்டு நினைக்கிறியள், ஆனா தொழில் நியாயசபையில, அதாவது வேலையால நிப்பாட்டின ஆக்கள் போய் வழக்குப் போடுற இடத்தில, அதே வசனம் "முதலாளி வாயால வேலையை நிப்பாட்டினவர்" எண்டு வந்து நிக்கும். கடிதம் குடுத்தாத்தான் நிப்பாட்டினது எண்டில்லை. மனுப் போட அவவுக்கு 6 மாசம் இருக்கு. சின்னக் கடைக்கு இந்தச் சட்டமெல்லாம் இல்லையெண்டு எங்கட ஆக்கள் கனபேர் நினைச்சுக்கொண்டிருக்கினம், அது பிழை. குறைஞ்சது 15 பேர் வேலை செய்யவேணும் எண்ட கணக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மட்டும்தான், அதாவது ஒழுக்கப் பிழை இல்லாம ஒராளை நிப்பாட்டுறதெண்டா அவரின்ர எழுத்துச் சம்மதம், இல்லாட்டி தொழில் ஆணையாளர் நாயகத்தின்ர அனுமதி வேணுமெண்டிற சட்டம், நியாயசபைக்கு ரெண்டு பேர் நிக்கிற கடையில இருந்தும் போகலாம். வெருட்டி ராஜினாமாக் கடிதம் வாங்கினாலும் தப்பேலாது, அதையும் நிப்பாட்டினதா எடுக்க இடமிருக்கு.

"யூனியனில சேர்ந்தா வேலையில்லை", "லேபர் ஒஃபிசுக்குப் போய்ப் பார்" எண்டெல்லாம் வாயே திறக்காதேங்கோ. "விட்டிட்டுப் போனா ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) வராது" எண்டு சில முதலாளிமார் சொல்லுறவை, பச்சைப் பொய். உங்கட 12 வீதமும் அவையின்ர 8 வீதமும் ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் அவையின்ர காசு.

இல்லையெண்டு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. இந்த வருசம் சம்பளம் கூட்டேலாது, நேரத்துக்கு வரவேணும், கஸ்டமருக்கு முன்னால கடையைக் குறை சொல்லாதேங்கோ, இதெல்லாம் தாராளமாச் சொல்லலாம். ஆனா அதுக்கு முதல் உங்கட கணக்கைத் திறந்து பாருங்கோ. ஒரு நாளைக்கு 8, கிழமைக்கு 45 மணித்தியாலம், அதுக்கு மேல நிண்டா ஒன்றரை மடங்கு, அந்த ஓவர்டைமும் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டேலாது. கொத்துரொட்டிப் பார்சலும் கையில ஆயிரம் ரூபாயும் குடுத்திட்டு ஓவர்டைம் குடுத்தனான் எண்டா ஒருத்தரும் ஏற்கமாட்டினம், பிள்ளையள் முணுமுணுக்கிறதில நியாயம் இருக்கெண்டுதான் எனக்குப் படுது.

கதைக்கேக்க கடையில சனமில்லாத நேரமாப் பாத்து ஒவ்வொருத்தரா இருத்திக் கதையுங்கோ, முதல் அவை சொல்லி முடிக்கட்டும், பிறகு "பாப்பம்" எண்டு இழுக்காம எந்தத் திகதிக்குள்ள என்ன குடுப்பியள், எது ஏலாதெண்டு நேர சொல்லுங்கோ, ஏலாததைத் தருவன் எண்டு சொல்லி வச்சா அடுத்த மாசம் இதைவிட மோசமாப் போகும்.

அந்தப் பிள்ளைக்கு இண்டைக்கே வட்ஸப்பில போடுங்கோ: "தங்கச்சி, அண்டைக்கு நான் பேசினது பிழை. உங்களை வேலையால நிப்பாட்டேல்லை. திங்கக்கிழமை வாங்கோ, ஓவர்டைம் கணக்கை இருந்து பாப்பம்." பதில் வராட்டி அதையே பதிவுத் தபாலிலயும் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமா வையுங்கோ. அவ வந்த உடன, வராத ரெண்டு நாளுக்குச் சம்பளம் வெட்டுற கதையை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ.