சுவரும் பந்தலும்: திருச்சபையும் பொதுப் பிரச்சினைகளும் – கேள்வி பதில்

ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியன் நான். முப்பது ஆண்டுகளாகக் கோயில்களின் பங்குப் பதிவேடுகளைப் புரட்டித் தும்மிக்கொண்டிருக்கிறேன். சமூக நீதியில் திருச்சபையின் பங்கு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் கத்தோலிக்கன். அந்தச் சாய்வு எங்காவது தலைகாட்டினால் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை): கோயிலின் வேலை செபம். அணு உலை, துறைமுகம் என்று சாமியார்கள் எதற்காக வீதிக்கு வருகிறார்கள்?

கூடங்குளம் போராட்டக் காலத்தில் இடிந்தகரைக்கு ஒருமுறை போனேன். லூர்து மாதா கோயில் முன்னால் பெரிய பந்தல். பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றியபடியே உண்ணாவிரதக்காரர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். போராட்டம் என்பதற்காக அன்றாடக் கூலியை விட முடியாது அல்லவா? கடற்கரை ஊர்களில் கோயில் முற்றம்தான் ஊர்ச்சாவடி. வலைத் தகராறு பேசுவதும் அங்கே, புயலுக்கு ஒதுங்குவதும் அங்கே. ஆகவே "சாமியார் வீதிக்கு வந்தார்" என்பதைவிட, வீதி கோயிலுக்கு வந்தது, சாமியாரால் கதவைச் சாத்த முடியவில்லை என்பதே நடந்ததற்கு நெருக்கமானது. அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் கத்தோலிக்கரிடையே ஒரே கருத்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் உலைக்கு வழிவிட்டது. ஆனால் தம் வீட்டு வாசலில் எழும்பும் ஒன்றைப் பற்றிக் கேள்வி கேட்க அந்த மக்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. கோயில் கொடுத்தது அதைத்தான்.

கேள்வி (பெயர் சொல்ல விரும்பாதவர்): வெளிநாட்டுப் பணம்தானே அந்தப் பந்தலைப் போட்டது?

அந்தச் சந்தேகத்தை அன்றைய பிரதமரே வெளிப்படையாகச் சொன்னார். தூத்துக்குடி மறைமாவட்டத்தைச் சேர்ந்த அமைப்புகளின் வெளிநாட்டு நிதி மீதும் 2012இல் மத்திய அரசு கை வைத்தது. கணக்குக் கேட்பது அரசின் உரிமை, காட்டுவது திருச்சபையின் கடமை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 2012 செப்டம்பர் 10 அன்று கண்ணீர்ப் புகைக்குத் தப்பிக் கடலில் குதித்தவர்களைக் காசுக்குக் குதித்தவர்கள் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அன்றே மணப்பாட்டில் மீனவர் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

கேள்வி (கள்ளக்குறிச்சி மாவட்டம்): அணு உலைக்குப் பந்தல் போடுகிற திருச்சபை, எங்கள் தெருவுக்குத் தேரை விடுவதில்லையே. நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லையா?

இந்தக் கேள்விக்கு நான் தப்பிக்கக் கூடாது.

என் இளவயதில் ஒரு பங்குக் கோயிலின் பின்பக்கக் கொட்டகையில் இரண்டு தூம்பாக்களைப் பார்த்தேன். பிணத்தைக் கல்லறைக்குத் தூக்கிப்போகும் மரப்பெட்டியைத்தான் தூம்பா என்போம், போர்த்துகீசியர் விட்டுப்போன சொல். ஒன்றுக்குப் புது வார்னிஷ், பித்தளைக் கைப்பிடி. இன்னொன்று பலகை பிளந்து, கயிற்றால் கட்டியிருந்தது. "ஏன் இரண்டு?" என்று கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டேன். "அது அந்தத் தெருவுக்கு" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவை என்று அவருக்குத் தோன்றவில்லை. அன்று எனக்கும் தோன்றவில்லை, அதைத்தான் இப்போது வெட்கத்தோடு சொல்கிறேன்.

இது பழைய நோய். 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி, உயர்சாதியாரை ஈர்ப்பதற்காக மற்றவர்களிடமிருந்து விலகி வாழ்ந்தார். ஒடுக்கப்பட்டோருக்கென்று 1640இல் 'பண்டாரசாமி' என்று வேறொரு வகைக் குருக்களை ஏற்படுத்தினார்கள். பீடத்திலேயே பிரிவினை வந்துவிட்டது. சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகளும் யோக்கியம் இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சாவூர்ப் பக்கம் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவது மேல் என்று கிளம்பினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதி பார்த்துப் பிரித்த சுவர் ஊரறிந்தது. உங்கள் பக்கத்து எறையூரில் 2008 மார்ச்சில் தலித் மக்கள் தனிப் பங்கு, அதாவது தங்களுக்கென்று தனிக் கோயில் நிர்வாகம், கேட்டார்கள். அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இருவர் இறந்தார்கள். இறந்தவர்கள் எதிர்த்தரப்பான வன்னியக் கத்தோலிக்கர்கள். செத்தவர்களும் அடிபட்டவர்களும் ஒரே நற்கருணை வாங்கியவர்கள்.

சமாதானமாக இருங்கள் என்று இரு தரப்புக்கும் பொதுவாகச் சொல்லும் ஆயர்களை எனக்குப் பிடிக்காது. பிளந்த தூம்பாவில் போகிறவரையும் பித்தளைக் கைப்பிடி போட்டதில் போகிறவரையும் பார்த்து ஒரே அறிவுரை சொல்வது நடுநிலை ஆகாது.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி): மதம் மாறியபின் சாதி இல்லை என்றால் இடஒதுக்கீடு எதற்கு?

சூசை வழக்கைத் தேடிப் படியுங்கள். சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்தவர் சூசை. பட்டியல் சாதித் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது அவருக்குக் கிடைக்கவில்லை, காரணம் அவர் கிறிஸ்தவர். அதே நடைபாதை, அதே வெயில், அதே ஊசி. 1985இல் உச்ச நீதிமன்றம், மதம் மாறியபின்னும் சாதி தொடரலாம், ஆனால் இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டவில்லை என்று மனுவைத் தள்ளியது. பட்டியல் சாதியினர் யார் என்று சொல்லும் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரையும் சேர்க்கலாம் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தமிழகச் சட்டமன்றம் 2023 ஏப்ரலில் அதே கோரிக்கையைத் தீர்மானமாக்கியது.

இதில் ஆயர்களுக்கு ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. டெல்லியில் "எங்களிடம் சாதி உண்டு" என்று நிரூபிக்க வேண்டும். ஞாயிறு மறையுரையில் "எல்லாரும் கிறிஸ்துவில் ஒன்று" என்று சொல்ல வேண்டும்.

கேள்வி (நாகர்கோவில்): தோள்சீலை உரிமையை மிஷனரிகள்தானே வாங்கிக் கொடுத்தார்கள்?

வாங்கிக் கொடுத்தார்கள் என்பது, மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காகப் போராடிய நாடார் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். மீட் ஐயர் போன்ற மிஷனரிகள் மனு எழுதினார்கள், பள்ளி திறந்தார்கள், அதை மறுக்க முடியாது. ஆனால் 1829இல் திருவிதாங்கூர் அரசு குப்பாயம் (ரவிக்கை போன்ற சட்டை) போடலாம், மேல்சீலை கூடாது என்றபோது, குப்பாயத்தோடு நிறைவடையாமல் சீலையும் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனது அந்தப் பெண்கள்தான். அடியும் அவர்கள் வாங்கியதுதான். 1859 ஆணைகூட அரைகுறை: மறைத்துக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது. இதே மண்ணில் அய்யா வைகுண்டர் மிஷனரிகளின் துணையில்லாமல் தலைப்பாகை கட்டச் சொன்னதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி (வவுனியா): மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அவர் செய்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர், இது அரசு அதிகாரிகளின் எண்ணிக்கை. போர் முடிந்தபின் எடுத்த கணக்கில் அரசுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆனது என்று 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார். "இத்தனை பேரைக் கொன்றீர்கள்" என்று சொல்லவில்லை. கணக்குச் சொல்லுங்கள் என்றார். அதனால்தான் அந்த எண் ஒருவரையும் தூங்க விடவில்லை. விசாரணை அதிகாரிகள் அவரைத் தேடி வந்தார்கள். 2021 ஏப்ரல் 1 அன்று அவர் இறக்கும்வரை பதில் வரவில்லை.

திருமுழுக்கையும் திருமணத்தையும் சாவையும் பேர் பேராக எழுதி வைத்த பழக்கம் ஒரு ஆயரை இப்படிக் கேட்க வைத்தது என்று பதிவேட்டுப் பைத்தியமான எனக்குத் தோன்றுகிறது. திருச்சி விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்டான் சுவாமியும் ஜார்கண்டில் இதைத்தான் செய்தார். நக்சல் என்று சிறையில் அடைக்கப்பட்ட ஆதிவாசி இளைஞர்களைப் பற்றித் தகவல் திரட்டி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். பிறகு அவரே கைதியானார். பார்கின்சன் நோயால் கை நடுங்க, தண்ணீர் குடிக்க ஒரு உறிஞ்சுகுழல் கேட்டு மனுப் போட வேண்டியிருந்தது.

கேள்வி (கோவை): தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று ஆயர்கள் சுற்றறிக்கை விடலாமா?

கூடாது. விட்டாலும் யாரும் கேட்பதில்லை.

கேள்வி (குருமாணவர்): அடுத்த ஆண்டு ஒரு பங்குக்குப் போகப்போகிறேன். எங்கே தொடங்குவது?

அறிக்கை எழுதித் தொடங்காதீர்கள். முதல் வாரம் கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து போங்கள், உபதேசியார் கூட வராமல். எந்தப் பக்கம் சிமெண்ட் பாதை இருக்கிறது, எந்தப் பக்கம் முள் என்று பாருங்கள். பங்குப் பேரவை உறுப்பினர் பெயர்களை எடுத்து, ஒவ்வொருவரும் எந்தத் தெரு என்று பக்கத்தில் எழுதுங்கள். திருவிழாவில் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது என்பதைப் பெரியவர்களிடம் விசாரியுங்கள். அவர்கள் உடனே பேச்சை மாற்றுவார்கள், எந்த இடத்தில் மாற்றுகிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோயிலின் பின்பக்கம் கொட்டகை இருந்தால் அதையும் திறந்து பார்த்துவிடுங்கள்.