செக்கு எண்ணெய்க் கடை: பதிவு எழுதியும் ஆர்டர் வரவில்லை
கடையின் இணையதளத்தில் பதிவு எழுதியும் ஆர்டர் வரவில்லை என்றால் எழுதுவதை நிறுத்தாதீர்கள், எழுதும் விஷயங்களை மாற்றுங்கள். "நல்லெண்ணெயின் 10 நன்மைகள்" என்று தேடுபவர் பெரும்பாலும் எண்ணெய் வாங்க வந்தவர் இல்லை. அதிலும் பெரிய தளங்கள்தான் முன்னால் நிற்கும்.

கடையில் நிற்பவர் கேட்பதை எழுதுங்கள்: கடலை எண்ணெயில் அடியில் ஏன் மண்டி தங்குகிறது, ஒரு லிட்டருக்கு எவ்வளவு எள் பிடிக்கும், மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்தால் கலப்படமா. (இல்லை. சுமார் 24 டிகிரிக்குக் கீழே சுத்தமான எண்ணெயும் உறையும்.) எள் கணக்கைச் சொன்னாலே விலை ஏன் கூடுதல் என்பது புரிந்துவிடும்.

கூகுள் சர்ச் கன்சோலில் (உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவி) எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் வந்தது என்று பாருங்கள். வந்தும் யாரும் சொடுக்கவில்லை என்றால் முதலில் அந்தப் பக்கத்தின் தலைப்பைத் திருத்துங்கள்.

ஆனால் "சர்க்கரை நோய் குணமாகும்" என்றெல்லாம் எழுத வேண்டாம், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகள் அதை அனுமதிப்பதில்லை. அப்புறம், பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம்; இந்தத் தீபாவளி விற்பனைக்கு இதை நம்பியிருக்காதீர்கள்.