நான் பூமரா?

கேள்வி: நான் 1971இல் பிறந்தவன், இருப்பது உப்புவெளியில். உயர்தரம் படிக்கும் மகனிடம் "இருட்டுமுன் வீட்டுக்கு வா" என்றாலும் சரி, "போனைக் கீழே வை" என்றாலும் சரி, "அப்பா, நீங்கள் சரியான பூமர்" என்கிறான். போன வாரம் உறவினர்களுக்கு முன்னாலும் சொன்னான். இது ஏச்சா?
– ஒரு தந்தை, திருகோணமலை

பதில்: கணக்குப்படி மகன் சொன்னது பிழை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் பிள்ளைப்பேறு கிடுகிடுவென ஏறியது. 1946 முதல் 1964 வரை அப்படிப் பிறந்தவர்கள்தான் 'பேபி பூமர்'. நீங்கள் அடுத்த தலைமுறை, 'ஜென் எக்ஸ்'. மகன் 'ஜென் ஸீ'.

இதற்காகப் பிறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வாதாடப் போகாதீர்கள், இன்னும் பெரிதாகச் சிரிப்பான். 2019இல் இணையமெங்கும் பரவியதிலிருந்து அந்தச் சொல் வயதைப் பார்ப்பதில்லை. "எங்கட காலத்தில..." என்று தொடங்கினால் இருபத்தைந்து வயது அண்ணனும் பூமர்தான். ஏச்சு இல்லை, கிண்டல். ஆனாலும் ஆட்களுக்கு முன்னால் சொன்னது உங்களுக்கு உறைத்திருக்கிறது. அதை அவனிடம் நேராகவே சொல்லுங்கள். (போன் விஷயத்தில் மட்டும் நான் அவன் பக்கம். என் வீட்டிலும் எனக்கு அதே பட்டம்தான்.)

நம் ஊரில் தலைமுறையை வருடக் கோடு போட்டா எண்ணினோம்? 1942இல் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்டதை வைத்துத்தான் என் அம்மம்மா தன் மூத்த பிள்ளையின் வயதைச் சொல்வார். பிறகு 64ஆம் ஆண்டுச் சூறாவளி, 83 இனக்கலவரம், சுனாமி. கார்ல் மான்ஹைம் என்ற சமூகவியலாளரும் 1928இல் கிட்டத்தட்ட இதைத்தான் எழுதினார்: ஒரே காலத்தில் பிறந்தால் மட்டும் போதாது, இளவயதில் ஒரே நிகழ்வுகளுக்குள் அகப்பட்டவர்களே ஒரு தலைமுறை. உங்களோடு ஒரே ஆண்டில் பிறந்த நியூயோர்க்காரரும் 'ஜென் எக்ஸ்'தான். ஆனால் 83இல் உங்களுக்குப் பன்னிரண்டு வயது, அதுவும் திருகோணமலையில்.

"இருட்டுமுன் வா" என்பது உங்களுக்கு ஊரடங்குக் காலத்தில் ஊறிய பயம். சுனாமிக்கும் பிறகு பிறந்த பெடியனுக்கு அது வெறும் கெடுபிடி. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு எப்போதாவது சொல்லியிருக்கிறீர்களா? உங்கள் கடிதத்தைப் பார்த்தால் சொன்னதாகத் தெரியவில்லை.

ஒரு நாள் பின்னேரம் டச்பே கடற்கரையில் அவனோடு நடந்துகொண்டே சொல்லிப் பாருங்கள். இருட்டிவிட்டாலும் பரவாயில்லை.