அப்பா அம்மாவோடு முதல் கேம்பிங்: டெல் வாயே ஏரிக்குப் போங்கள்

கேள்வி: ஊரிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு சின்னப் பிள்ளைகள். கலிஃபோர்னியாவில் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவிலிருந்து அதிக தூரமில்லாமல் எல்லோரும் சேர்ந்து டென்ட் போட்டுத் தங்க எந்த இடம் சரிப்படும்? பெரியவர்களுக்கு ஒத்துவருமா?

ஒத்துவரும். தயங்காமல் கூட்டிப் போங்கள். இடம் என்று கேட்டால் நான் சொல்வது டெல் வாயே ஏரி. லிவர்மோரிலிருந்து தெற்கே 10 மைல். ஃப்ரீமான்ட்டில் இருக்கும் எங்களுக்குக் காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். யோசெமிட்டி தேசியப் பூங்கா அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நாலு மணி நேரம் காரில் உட்கார்ந்து மூட்டு பிடித்துப்போன அம்மாவை இறக்கி, அன்றைக்கே டென்ட்டில் படுக்கவைத்தால் அவர் எந்த அழகைப் பார்ப்பார்? முதல் முறைக்கு வீடு கிட்டத்தில் இருக்க வேண்டும். ராத்திரி யாருக்காவது முடியவில்லை என்றால் உடனே கிளம்பிவிடலாம் என்ற தைரியம் இருந்தாலே பெரியவர்கள் பாதி சம்மதித்துவிடுவார்கள். மீதிச் சம்மதத்தை என் அம்மாவிடம் வாங்கித் தந்தது லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில். திரும்பும்போது கோயிலுக்குப் போகலாம் என்றதும் பையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டார்.

லிவர்மோரைத் தாண்டித் திராட்சைத் தோட்டங்கள் வழியாகப் போய், மலைப் பாதையில் ஏறி இறங்கினால் ஏரி கண்ணில் படும். கடைசிச் சில மைல்கள் வளைவு அதிகம். பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் கிளம்புவதற்கு முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். ஏரி சுமார் 5 மைல் நீளம், ஒடுங்கலாக, இரண்டு பக்கமும் உருண்டை உருண்டையான புல் மலைகள். குடும்பங்கள் தங்கும் கேம்ப்கிரவுண்ட் தென் கோடியில், ஓடை ஓரமாக மரங்களுக்கு நடுவே இருக்கிறது. 150 இடங்கள். ஒவ்வொன்றிலும் சாப்பிட மர மேசை, நெருப்பு மூட்ட இரும்பு வளையம். குழாய்த் தண்ணீர், தண்ணீர் ஊற்றும் டாய்லெட், குளிக்க ஷவர் எல்லாம் நடக்கும் தூரத்தில். அப்பா அம்மாவைக் கூட்டிப் போவதாக இருந்தால் மலைக்காட்சியை விட இந்த டாய்லெட்தான் முக்கியம். புக் செய்யும்போது வரைபடத்தைப் பார்த்து டாய்லெட்டுக்கு இரண்டு மூன்று இடம் தள்ளி எடுங்கள். ஒட்டி எடுத்தால் ராத்திரி முழுக்கக் கதவுச் சத்தமும் விளக்கு வெளிச்சமும் தூங்க விடாது. சனிக்கிழமைகள் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். ஞாயிறு இரவு என்றால் கிடைக்க வாய்ப்பு அதிகம், கூட்டமும் இருக்காது.

எந்த மாதம் போவது என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முதல் தடவை நானும் கணவரும் பிள்ளைகளும் மட்டும் ஜூலையில் போனோம். மலையெல்லாம் காய்ந்து பொன் நிறத்தில் இருந்தது, படத்துக்கு நன்றாக இருந்தது. ஆனால் வெயில் 40 டிகிரியைத் தொட்டது. டென்ட்டுக்குள் கால் வைக்க முடியவில்லை. சின்னவள் முகமெல்லாம் சிவந்து, ராத்திரி உணவு இறங்காமல் அழுதாள். நெருப்பு மூட்டவும் தடை. 2020 ஆகஸ்டில் இந்தப் பக்கத்து மலைகளில் மின்னலால் பிடித்த தீ ஏறத்தாழ 3,96,000 ஏக்கரைத் தின்றது, அதனால் காய்ந்த மாதங்களில் பூங்காக்காரர்கள் கண்டிப்பாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. அப்பா அம்மாவை அழைத்துப்போனது அடுத்த ஏப்ரலில். அதே மலைகள் அப்போது நாற்று விட்ட வயல் மாதிரிப் பச்சை. நடுநடுவே ஆரஞ்சு நிறத்தில் பாப்பிப் பூக்கள்.

என் அப்பா தேனிப் பக்கத்து விவசாயி. இங்கே வந்த இரண்டு மாதமும் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று நான்தான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவர் எதுவும் கேட்கமாட்டார். ஏரிக்கரையில் இறங்கியதும் முதல் கேள்வி வந்தது. "ஏம்மா, இது ஏரியா, அணையா?"

அணைதான். 1968இல் கட்டி முடித்த மண் அணை, உயரம் 235 அடி. கரையைச் சுற்றி வெறும் மண் வளையம் தெரிந்ததைப் பார்த்து, "தண்ணி கீழே கிடக்கே, திறந்து விட்டுட்டாங்களா?" என்றார். குளிர்கால மழையில் வெள்ளம் வந்தால் பிடிப்பதற்காக இலையுதிர் காலத்திலேயே மட்டத்தை இறக்கிவிடுவார்கள், கோடைக்கு மறுபடி ஏற்றுவார்கள். கொள்ளளவு எவ்வளவு என்று கேட்டார். 77,000 ஏக்கர் அடி என்று பலகையைப் படித்த மாதிரிச் சொன்னால் அவருக்கு ஒட்டவில்லை. கணக்குப் போட்டு, முழுக்க நிரம்பினால் 3.3 டி.எம்.சி. என்றேன். "வைகையில பாதிக்குக் கொஞ்சம் கூட" என்று உடனே சொன்னார். வைகை அணையின் முழு மட்டமான 71 அடியை மனதில் வைத்தே வாழ்கிற ஆள்.

அப்புறம் நான் சொன்னது அவரை நிற்க வைத்துவிட்டது. இந்தத் தண்ணீர் எல்லாமே இந்த மலைகளில் பெய்த மழை இல்லை. வடக்கே சாக்ரமென்டோ, சான் ஹோக்கின் ஆறுகள் கூடும் டெல்டாவிலிருந்தும் பம்ப் வைத்து மேலேற்றி, சவுத் பே கால்வாய் வழியாகக் கொண்டுவருகிறார்கள். அதே கால்வாய்த் தண்ணீர்தான் எங்கள் ஃப்ரீமான்ட் குழாயிலும் ஒரு பங்காக வருகிறது. "அப்ப இது நம்ம பெரியாத்துத் தண்ணி கதைதான்" என்றார். மேற்கே ஓடிக் கடலுக்குப் போன பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895இல் இந்தப் பக்கம் திருப்பிவிட்ட தண்ணீரில் வளர்ந்த பள்ளத்தாக்கு எங்களுடையது. பென்னிகுவிக் படம் மாட்டாத வீடு எங்கள் பக்கம் குறைவு. அமெரிக்காவில் அப்பாவுக்குப் புரிந்த முதல் இடம் அந்த ஏரிதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன். அன்றிலிருந்து அவர் பேச ஆரம்பித்தார்.

நெருப்பை அவரிடமே விட்டுவிட்டோம். சுள்ளி பொறுக்கக் கிளம்பியவரை நிறுத்தி, இங்கே கீழே கிடக்கும் குச்சியைக்கூட எடுக்கக் கூடாது, வீட்டிலிருந்து விறகும் கொண்டுவரக் கூடாது என்று விளக்கினேன். விறகோடு ஓக் மரங்களைக் கொல்லும் பூச்சியும் நோயும் ஊர் விட்டு ஊர் போகும், அதனால் எரிக்கும் இடத்திலேயே வாங்கச் சொல்கிறார்கள். "சரி, நியாயம்தான்" என்றார். வாங்கின கட்டையில் ஒன்றை எடுத்துக் கத்தியால் விரல் கனத்துக்குச் சீவினார். சீவலைக் கூடு மாதிரி அடுக்கி, காற்று வருகிற திசையில் ஒரு வாய் விட்டு, மேலே சிறு துண்டு, அதன் மேல் பெரிய கட்டை. ஒரே தீக்குச்சி. கணவர் நெருப்பு மூட்டுவதற்காக வாங்கி வைத்திருந்த எரிதிரவ டப்பா காரிலேயே கிடந்தது. பேத்தி பக்கத்தில் குத்தவைத்து, "தாத்தா, எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இதற்காகவாவது உங்கள் பெற்றோரைக் கூட்டிப் போங்கள். நம் வீடுகளில் அவர்களுக்கு வேலையே இல்லை, இங்கே எல்லா வேலையும் அவர்களுக்குத் தெரிந்த வேலை.

மறுநாள் காலை அவரே எங்களைக் கூப்பிட்டு ஒரு மரத்தைக் காட்டினார். அடிமரம் முழுக்கத் துளை. ஒவ்வொரு துளையிலும் ஓர் ஓக் கொட்டை, ஆணி அடித்த மாதிரி இறுக்கமாகச் செருகியிருந்தது. நகத்தால் நெம்பினாலும் அசையவில்லை. சிவப்புத் தொப்பி வைத்த மரங்கொத்திகள் கூட்டமாகச் சேர்ந்து செய்கிற வேலை அது. கொட்டை காய்ந்து சுருங்கிப் பிடி தளர்ந்தால் எடுத்து அதைவிடச் சின்னத் துளைக்கு மாற்றிவிடும். ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கில் துளைகள் இருக்கும், தலைமுறை தலைமுறையாகப் பறவைகள் அதையே பயன்படுத்தும். அப்பா, "மரத்தையே குதிராக்கி வச்சிருக்கு பாரு" என்றார். மரங்கொத்தியின் சேமிப்பைப் பற்றி நான் படித்த எதையும்விட அந்த ஒரு சொல் பிள்ளைகளுக்கு நன்றாகப் புரிந்தது. குதிர் என்றால் என்ன என்று அவர்கள் கேட்க, நெல் சேமித்து வைக்கும் பெரிய கூடு என்று தொடங்கி அரை மணி நேரம் அவர் கதை சொன்னார்.

அங்கே ஓடும் அணில்கள் பெரிதாக, முதுகில் கோடு இல்லாமல் இருக்கும், தரையில் வளை தோண்டி வாழும். "ராமர் தொடாத அணில்" என்று அம்மா பேத்தியிடம் சொன்னார். அவற்றுக்குத் தீனி போடக் கூடாது. சாப்பாட்டை மேசையில் விட்டுவிட்டுப் படுக்கவும் கூடாது. நாங்கள் ஒரு முறுக்கு டப்பாவை மறந்து வைத்தோம், ரக்கூன் என்கிற காட்டு விலங்கு மூடியைத் திறந்து காலி செய்திருந்தது. ராத்திரி எல்லாமே காருக்குள் போக வேண்டும்.

ஒரு செடியை மட்டும் எல்லோருக்கும் காட்டிப் பழக்குங்கள்: பாய்சன் ஓக். மும்மூன்றாக இலை, வசந்தத்தில் பளபளப்பாக, கொஞ்சம் சிவப்போடியிருக்கும். பாதை ஓரமெல்லாம் உண்டு. பட்டால் ஓரிரு நாளில் கொப்புளம் கிளம்பி வாரக்கணக்கில் அரிக்கும். பெரியவர்களுக்குப் புரியவைப்பது சுலபம், சேங்கொட்டைப் பால் பட்டால் எப்படிப் புண்ணாகுமோ அப்படி என்று சொன்னால் போதும். சேங்கொட்டை, முந்திரி, மா, இந்தப் பாய்சன் ஓக் எல்லாமே ஒரே தாவரக் குடும்பம், எரிச்சல் உண்டாக்கும் எண்ணெயும் ஒரே இனம். பட்டுவிட்டால் சீக்கிரமே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், துணியையும் தனியாகத் துவையுங்கள். புல்லுக்குள் நடந்து வந்தால் பிள்ளைகளின் காலிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள், வசந்தத்தில் அது அதிகம். வெயில் ஏறினால் ராட்டில் ஸ்நேக் என்கிற நச்சுப் பாம்பும் வெளியே வரும். பாதையை விட்டு விலகாமல் நடந்தாலே போதும். தண்ணீரில் இறங்குவதற்கு முன் கரையில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படியுங்கள். வெயில் காலத்தில் நீலப்பச்சைப் பாசி பெருகி நஞ்சாகும் நாட்களில் குளிக்க வேண்டாம் என்று எழுதி வைத்திருப்பார்கள்.

குளிரை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகலில் அரைக்கைச் சட்டை போதும் என்று இருக்கும், ஏப்ரல் விடியற்காலையில் 5, 6 டிகிரிக்கு இறங்கிவிடும். போர்வை எத்தனை போர்த்தினாலும் குளிர் தரையிலிருந்துதான் ஏறும். காற்று அடைக்கும் பெரிய மெத்தை அம்மாவுக்கு வேண்டாம். உள்ளே இருக்கும் காற்றே குளிர்ந்துபோய் முதுகைப் பிடிக்கும். நாங்கள் மடக்குக் கட்டில் ஒன்றை எடுத்துப்போய், அதன் மேல் நுரை விரிப்பும் கம்பளியும் போட்டோம். கட்டில் இருந்ததால் அவர் எழுந்து உட்காரவும் சிரமப்படவில்லை. குல்லா, காலுறை, ஒரு வெந்நீர் பாட்டில். பெற்றோருக்கு மருந்து இருந்தால் ஒரு நாள் கூடுதலாக எடுத்து வையுங்கள், பெரும்பாலான இடத்தில் போன் சிக்னல் கிடைக்காது. டென்ட் இடங்களில் மின்சாரமும் இல்லை.

சாப்பாட்டுக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம். முதல் ராத்திரிக்கு வீட்டிலேயே கிளறிய புளியோதரை, நெருப்பில் சுட்ட சோளம். காலையில் இரண்டு அடுப்பு உள்ள கேஸ் ஸ்டவ்வில் ஒன்றில் டிகாஷன், ஒன்றில் இரும்புக் கல். ஐஸ் பெட்டியில் வைத்த மாவு புளிக்காமல் இருந்தது, தோசை முறுகலாக வந்தது. அந்தக் குளிரில் அம்மா போட்ட காபியைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் மறக்கமாட்டேன்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் யாரும் சத்தம் போடக் கூடாது. அந்த அமைதியில் அப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு வானத்தைப் பார்த்தார். ஏப்ரல் இரவில் சப்தரிஷி மண்டலம் தலைக்கு மேலே நிற்கும். பேத்திக்கு ஏழையும் எண்ணிக் காட்டி, வசிஷ்டருக்குப் பக்கத்தில் மங்கலாக ஒட்டியிருக்கும் அருந்ததியையும் கண்டுபிடிக்க வைத்தார். துருவ நட்சத்திரத்தைத் தேடும்போது மட்டும் குழம்பினார். தேனியில் அது தொடுவானத்துக்கு 10 டிகிரி மேலே, மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இங்கே 37 டிகிரிக்கு ஏறி நிற்கிறது. "இது ஏன் இவ்வளவு உசரத்துக்கு வந்துருச்சு?" என்றார். மேலே வந்தது நட்சத்திரமா, வடக்கே வந்தது நாமா என்று பிள்ளைகளிடம் கேட்டு உருண்டைப் பழத்தை வைத்து விளக்கினேன். அம்மா குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, எல்லோரையும் படுக்கச் சொன்னார்.

திரும்பும் வழியில் கோயிலுக்குப் போனோம், மதியம் வீட்டில் இருந்தோம். அந்த வருடம் அவர்கள் ஊருக்குக் கிளம்புவதற்குள் இன்னொரு முறையும் போய் வந்தோம். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, பேத்திகளை விசாரித்த கையோடு அப்பா, "அணையில எவ்வளவு தண்ணி கெடக்கு?" என்று கேட்பார். கலிஃபோர்னியா நீர்வளத் துறை தினமும் மட்டத்தை இணையத்தில் போடுகிறது. பார்த்து, டி.எம்.சி.க்கு மாற்றிச் சொல்கிறேன். அவர் வைகை மட்டத்தைச் சொல்வார்.