‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 22 வயது. படிப்பை முடித்த கையோடு வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து ஒரு பகலும் ஓர் இரவும் பயணம் செய்துதான் இந்த ஊருக்கு வர வேண்டும். வந்து ஒன்பது வாரம் ஆகிறது.

இதைப் பிரச்சினை என்று சொல்லலாமா என்றே தெரியவில்லை. என் வகுப்புத் தோழிகள் இருவர் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அலுவலகத்தில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. அறை சிறியது, ஆனால் பாதுகாப்பானது. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆகிவிட்டால் நெஞ்சுக்குள் ஏதோ வந்து அடைத்துக்கொள்கிறது.

தினமும் இரவு ஒன்பது மணிக்கு அம்மா வீடியோ அழைப்பில் வருவார். அதற்குப் பத்து நிமிடம் முன்பே முகம் கழுவி, தலைவாரி, ஜன்னலோர மூலையை மட்டும் சரிசெய்வேன். அங்கே ஒரு நாற்காலி, அதன் பின்னால் வெறும் சுவர். மடிக்காத துணி, கழுவாத தட்டு, அம்மா அடுக்கிக் கொடுத்து நான் இன்னும் முழுதாகப் பிரிக்காத பெட்டி, எதுவும் தெரியாதபடி செல்பேசியைச் சாய்த்து வைப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்பார். சாப்பிடாத நாளிலும் சாப்பிட்டேன் என்பேன். அழைப்பு முடிந்த பிறகு அரை மணி நேரம் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எழுந்திருக்கத் தெம்பு இருக்காது.

போன வாரம் தம்பி வாய்தவறிச் சொல்லிவிட்டான். அம்மாவுக்கு நான்கு நாள் காய்ச்சலாம். அந்த நான்கு நாளும் என்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசியிருக்கிறார். இங்கே வந்த பிறகு அன்று அழுததைப் போல் என்றும் அழுததில்லை.

அலுவலகத்தில் எங்கள் குழுவில் பதினொரு பேர். மதியம் எல்லோரும் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். முதல் வாரம் என்னையும் கூப்பிட்டார்கள். கையில் வேலை இருந்ததால் பிறகு வருகிறேன் என்றேன். மறுநாளும் அப்படியே சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. இப்போதெல்லாம் அவர்கள் எழும் நேரத்தில் செல்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, யாருடனோ பேசுவதுபோல மாடிப்படிப் பக்கம் போய்விடுகிறேன். மறுமுனையில் யாரும் இல்லை.

வேலையும் பிடிபடவில்லை. கல்லூரியில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவள் நான். இங்கே கூட்டங்களில் பேசுவது பாதி புரிவதில்லை. ‘இதுகூடத் தெரியாதா’ என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து கேட்பதுமில்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஓர் அறிக்கையில் இந்த மாத எண்களுக்குப் பதிலாகப் போன மாத எண்களைப் போட்டு அனுப்பிவிட்டேன். மூத்த ஊழியர் ஒருவர் ஒன்றும் சொல்லாமல் திருத்தி அனுப்பினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இவளிடம் சொல்லிப் பயனில்லை என்று முடிவுகட்டிவிட்டாரோ என்று அன்றிலிருந்து ஒரே நினைப்பு. என்னைத் தவறுதலாகத் தேர்வு செய்துவிட்டார்கள், என்றாவது ஒரு நாள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றுகிறது.

இரவில் கல்லூரி நாட்களின் படங்களைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். ஒரு மணி, ஒன்றரை மணி ஆகிவிடும். காலை ஆறு மணிக்கு எழ வேண்டும்.

ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அப்பா கடன் வாங்கி என்னைப் படிக்க வைத்தவர். என் வேலையைப் பற்றிப் பேசும்போது அவர் குரலே மாறிவிடுகிறது. நான் பலவீனமானவளா? திரும்பிப் போய்விடலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்த மாடிப்படியைத் தாண்டி வர எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ஒன்பது வாரமாக இதையெல்லாம் ஒருவரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறீர்கள். முதலில் அந்தக் கூச்சத்தை விட்டுவிடுங்கள். வேலை கிடைக்காத தோழியின் வேதனை உண்மையானது. அதனால் உங்கள் வேதனை பொய்யாகிவிடாது.

பலவீனமானவளா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வீட்டை நினைத்து ஏங்குவது மிகப் பழைய வலி. 1688-ல் யோகானஸ் ஹோஃபர் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவ மாணவர் இதைப் பற்றி ஆய்வேடு எழுதியபோது, ‘திரும்புதல்’, ‘வலி’ என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து இதற்கு ‘நாஸ்டால்ஜியா’ என்று பெயர் வைத்தார். அவர் எழுதியவற்றுள் ஒன்று, பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்கப் போய் அங்கே படுக்கையில் விழுந்த ஓர் இளைஞனின் கதை. வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்றதுமே அவன் தேறத் தொடங்கினானாம். அன்று இதை நோய் என்றே எண்ணினார்கள். இன்று நாங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. பாசத்தோடு வளர்ந்த ஒருவர் அந்தப் பாசம் கைக்கெட்டாத இடத்தில் இருக்கும்போது மனம் தேடுகிறது, அவ்வளவுதான். வீட்டில் உங்களுக்கு நல்ல உறவுகள் இருந்திருக்கின்றன என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

ஆனால் ஏக்கம் மட்டுமே ஒருவரை இவ்வளவு களைப்படையச் செய்யாது. உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அம்மாவிடம் அறையை மறைக்கிறீர்கள். குழுவினரிடம் தனிமையை மறைக்கிறீர்கள். மூத்தவரிடம் புரியாததை மறைக்கிறீர்கள். அழைப்பு முடிந்ததும் எழத் தெம்பில்லாமல் போவது அம்மாவைப் பிரிந்ததால் என்று நினைக்கிறீர்கள். அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து நடித்ததால் என்று நான் நினைக்கிறேன். பிரிவைக் காலம் ஆற்றும். மறைப்பதைக் காலம் ஆற்றாது. நாளாக நாளாக அது கூடும், ஏனென்றால் நேற்றுச் சொன்ன பொய்யை இன்றும் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

அம்மா காய்ச்சலை மறைத்தது தெரிந்தபோது ஏன் அப்படி அழுதீர்கள்? அவர் உடல்நிலை சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் அழுதிருப்பீர்கள். அவருடைய கஷ்டத்தில் நமக்கு இடமில்லாமல் போய்விட்டதே என்ற வலி அது. நாளை உங்கள் தம்பி இன்னொரு முறை வாய்தவறினால், அதே வலி அம்மாவுக்கு வரும்.

எல்லாவற்றையும் ஒரே இரவில் கொட்டச் சொல்லவில்லை. தொலைவில் இருக்கும் தாய்க்குப் பதறுவதைத் தவிர வழியில்லை, அதனால் எப்படிக் கேட்க வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். “அம்மா, இங்கே இன்னும் எனக்குப் பழகவில்லை. சில நாள் அழுகை வருகிறது. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்.” இவ்வளவு போதும். கிளம்பி வந்துவிடு என்று அவர் உடனே சொல்லக்கூடும். அது அவருடைய பாசத்தின் முதல் வார்த்தை. அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரோடு வாதாடவும் வேண்டாம். தினமும் ஒன்பது மணி என்ற கட்டாயத்தையும் கொஞ்சம் தளர்த்துங்கள். இப்போது அது ஒரு தினசரித் தேர்வாக இருக்கிறது. சில நாள் ஐந்து நிமிடம் குரலை மட்டும் கேளுங்கள். விடுமுறை நாளில் ஆற அமரப் பேசுங்கள்.

அலுவலகத்துக்கு வருவோம். தவறுதலாகத் தேர்வு செய்துவிட்டார்கள், கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-ல் வெளியிட்ட கட்டுரை இதே எண்ணத்தைப் பற்றியதுதான். அவர்கள் கவனித்தது 150-க்கும் மேற்பட்ட சாதனைப் பெண்களை. பட்டமும் பதவியும் பாராட்டும் பெற்றவர்கள். அவர்களுக்குள்ளும் ‘நான் தகுதியில்லாதவள், எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்ற பயம் இருந்தது. அதற்கு ‘இம்போஸ்டர்’ மனநிலை என்று பெயர் வைத்தார்கள். முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர்களுக்கு இது எளிதில் ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் கேள்விக்குப் பதில் சொன்னால் மதிப்பெண். வேலையில் சேர்ந்த புதிதில் கேள்வி கேட்பதே வேலையின் ஒரு பாதி. இத்தனை வருடம் பதில் சொல்லியே பழகியவருக்கு அது தோல்வி மாதிரித் தெரிகிறது.

அந்த அறிக்கையைத் திருத்திய மூத்தவரிடம் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். “அன்று போன மாத எண்களைப் போட்டுவிட்டேன். நீங்கள் திருத்தியதைப் பார்த்தேன், நன்றி. அனுப்புவதற்கு முன் நீங்கள் எதையெல்லாம் சரிபார்ப்பீர்கள் என்று சொல்லித் தர முடியுமா?” அவர் மௌனத்துக்கு நீங்கள் ஒரு பெரிய தீர்ப்பையே எழுதிவிட்டீர்கள். நேரமில்லாமல் இருந்திருக்கலாம், புதிதாக வந்த பெண்ணைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று இருந்திருக்கலாம். கேட்காமல் தெரியாது. கேள்விகளைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாவது மாதத்தில் கேட்டால், புதிதாக வந்தவர் கேட்கிறார் என்று சொல்லித் தருவார்கள். அதே கேள்வியைப் பத்தாவது மாதத்தில் கேட்பது உண்மையிலேயே கடினம். ஒரு சின்ன நோட்டில் புரியாததை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கால்மணி நேரம் நீங்களே முயன்று பாருங்கள். பிறகு, இதுவரை என்ன செய்து பார்த்தேன் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அப்படிக் கேட்பவரை யாரும் ஒன்றும் தெரியாதவர் என்று நினைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு முறை வரவில்லை என்றதும், இந்தப் பெண்ணுக்குத் தனியாக இருப்பதுதான் பிடிக்கும் போல என்று அவர்கள் ஒதுங்கியிருக்கக்கூடும். அதன் பிறகு தினமும் அந்த நேரத்தில் நீங்கள் செல்பேசியில் ‘பேசிக்கொண்டு’ இருப்பதையும் பார்க்கிறார்கள். உங்களுக்கு இங்கே ஆள் இருக்கிறது என்றுதானே நினைப்பார்கள்? மூன்றாவது அழைப்புக்காகக் காத்திருக்காதீர்கள். பத்துப் பேரில் முகம் கொடுத்துப் பேசும் ஒருவரிடம் போய், “இன்று நானும் உங்களோடு வரட்டுமா?” என்று கேளுங்கள். முதல் நாள் பேச்சு ஒட்டாது. வெறுமனே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தாலும் போதும்.

நட்பு வரவில்லையே என்று ஒன்பது வாரத்தில் முடிவு செய்வதும் அவசரம். ஜெஃப்ரி ஹால் என்ற அமெரிக்கப் பேராசிரியரின் ஆய்வு 2018-ல் வெளியானது. அதில் கலந்துகொண்டவர்களில் ஒரு பிரிவினர் உங்களைப் போலவே சமீபத்தில் புது ஊருக்கு இடம்பெயர்ந்தவர்கள். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நட்புக்கு வர ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரமும், நெருங்கிய நட்புக்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கும் என்று அவர் கணக்கிட்டார். வேலைக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதில் அவ்வளவாகச் சேர்வதில்லை. கல்லூரியில் வகுப்புக்கு வெளியே, ஒன்றும் செய்யாமல் தோழிகளோடு உட்கார்ந்திருந்த மாலைகளை எண்ணிப் பாருங்கள். யாரும் திட்டமிடாமலே அந்த 200 மணி நேரம் சேர்ந்தது. இங்கே யாராவது ஒருவர் திட்டமிட வேண்டும். ஒரு நாளைக்கு அரை மணி நேரச் சாப்பாடு, வாரம் ஐந்து நாள் என்று வைத்தால், 50 மணி நேரத்துக்கு இருபது வாரம் ஆகும். விடுமுறை நாளில் ஒருவரோடு ஒரு நடை போனாலும் அது விரைவில் நெருங்கிவரும்.

தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வயதில் ஏழு மணி நேரமாவது வேண்டும், நீங்கள் ஐந்துகூடத் தூங்குவதில்லை. இரவு ஒரு மணிக்குப் பார்க்கும் பழைய படங்களில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். படுக்கும்போது செல்பேசி கைக்கெட்டாத இடத்தில் இருக்கட்டும். அந்தத் தோழிகளில் ஒருத்தியை மாலையில் அழைத்துப் பேசுங்கள். அவளும் எங்கோ ஓர் அறையில் இதே படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

திரும்பிப் போவதா, பல்லைக் கடிப்பதா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டையும் இன்று முடிவு செய்ய வேண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இவ்வளவு நாள் இருந்திருக்கிறீர்கள், அதன் பலனைப் பார்த்துவிட்டோம். ராஜினாமாக் கடிதம் அப்படியே இருக்கட்டும். நாள்காட்டியில் மூன்று மாதம் தள்ளி ஒரு தேதியைக் குறியுங்கள். அதுவரை மறைக்காமல் இருந்து பாருங்கள். அந்தத் தேதியில், வேலை பிடிக்கவில்லையா, ஊர் பிடிக்கவில்லையா, தனிமை பிடிக்கவில்லையா என்று பிரித்துப் பார்க்க உங்களால் முடியும். இப்போது மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. வேலைதான் ஒத்துவரவில்லை என்று அப்போது தெரிந்தால், தயங்காமல் வேறு வேலை தேடலாம். அது தோல்வியாகாது. நடுவில் அவமானமோ அத்துமீறலோ நடந்தால் அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அப்பாவின் கடனைப் பற்றிய பாரத்தையும் அவரிடமே பேசுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம், அநேகமாக நாள் முழுவதும் மனம் சோர்ந்தே இருந்தால், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனால், தூக்கமும் பசியும் அடியோடு மாறினால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ நேரில் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு அம்மா அழைப்பார். முகம் கழுவினாலும் சரி, கழுவாவிட்டாலும் சரி. முதலில் அவருடைய காய்ச்சலைப் பற்றிக் கேளுங்கள். தம்பி சொன்னான் என்றே சொல்லுங்கள், அவனை அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிறகு செல்பேசியைக் கையில் எடுத்து, அந்தச் சுவரை விட்டு விலகி, அறையைச் சுற்றிக் காட்டுங்கள். பெட்டியைக் கட்டில்மேல் வைத்து அவர் பார்க்கப் பார்க்கப் பிரியுங்கள். எதை எதற்கு அடியில் வைத்தார் என்று அவருக்கு நினைவிருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்